மலைநாட்டு மாணவரும் பல்கலைக்கழகப் புகுமுகமும்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கல்விப் பொருள் பற்றி ஒரு கட்டுரை தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தனர். கல்லூரியின் பழம்பெருமையையும் அதனை நிறுவிய சைவப் பெரியோரின் தொண்டினையும் எழுதுதற்கு என்னினும் தக்கார் பலர் உளர். யான் ஆசிரியத் தொழிலின் பெரும்பகுதியைக் கழித்தது அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட தேயிலை மலைகளிலாதலின், ஆங்குக் கண்டறிந்த ஒரு பொருளையே எழுதத் துணிந்தேன். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளையொன்று, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் முதன்மை பெற்ற பிள்ளை, பேராதனை வைத்திய பீடத்தையோ மொறட்டுவைப் பொறியியற் பீடத்தையோ நோக்கி ஏன் அடியெடுத்து வைப்பதில்லை என்பதே அப்பொருள்.

அறிவுக் குறைவு காரணமன்று. இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடபுலத்தில் ஐந்து ஆண்டும் மலைநாட்டில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேலும் கணிதம் கற்பித்தவன் யான்; இரு இடத்துப் பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளையும் இரவிரவாகத் திருத்தியிருக்கிறேன். பதினான்கு வயது வரை இருசாராரிடையே யான் கண்ட வேறுபாடு மிகச் சிறிது. பதினாறாம் வயதில் ஒரு பிரிவு நேர்கிறது. அப்பிரிவு எவ்வாறு நேர்கிறதென்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் வரலாறு சிறிது வேண்டும். கோப்பிப் பயிருக்கென 1820 களிலிருந்து தென்னிந்தியத் தொழிலாளர் கண்டிச் சீமைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஜேம்ஸ் டெயிலர் என்பார் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். கோப்பி நோயால் அழிந்தபின் மலை முழுதும் தேயிலையாயிற்று. கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பலர் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டியிருந்தமையால் குடும்பங்கள் லயங்களில் நிலையாகத் தங்கின. பிள்ளைகள் பெருகினர். அவர்க்குக் கல்வி வேண்டுமென்ற எண்ணம் ஆட்சியாளர்க்குப் பிந்தியே தோன்றிற்று. 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. பத்து வயதுடன் கடமை முடிந்தது. பத்து வயதுக்குமேல் அப்பிள்ளை கொழுந்துக் கூடைக்கு உரியது என்பதே அச்சட்டத்தின் உட்பொருள்.

தோட்டப் பாடசாலை என்றால் இக்காலத்து இளைஞர் எதனை நினைப்பரோ அறியேன். ஒரே நீண்ட அறை, அதில் ஐந்து வகுப்புகள், ஓர் ஆசிரியர். அவரே தோட்டத்தாருக்குக் கடிதம் எழுதுபவரும், படிப்பவரும், சில இடங்களில் கணக்கப்பிள்ளைக்கு உதவியாளரும். 1945 ஒக்டோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, நாட்டின் பிற பகுதிகளில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. கிராமத்து ஏழை மாணவர் பல்கலைக்கழகம் புக வழி பிறந்தது. தோட்டப் பாடசாலையோ தோட்டத்தின் உடைமையாகவே நின்றது. மூன்றாண்டின்பின் 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றி 1974 இல் வேறோர் ஒப்பந்தம் வேண்டியிருந்தது. எந்த நாட்டில் நாளை இருப்போம் என்றறியாத தந்தை, தன் மகனை எட்டாண்டு கழித்து டாக்குத்தராக்குவது பற்றி எண்ணுவது எங்ஙனம்? அரசாங்க உத்தியோகத்துக்குப் பிரஜாவுரிமை வேண்டும், பிரஜாவுரிமை இல்லை. படிப்பின் பயன் கண்முன் இல்லாதபோது படிப்பில் ஊக்கமில்லை என அம்மக்களைப் பழிப்பது முறையன்று. தோட்டங்கள் 1970 களில் அரசுடைமையான பின்னரே அவற்றின் பாடசாலைகளும் அரசினரால் ஏற்கப்பட்டன. சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் என்ற நிலையை முடித்துவைத்தன. ஆக, இலவசக் கல்வி என்ற சொல் கொழும்பிலிருந்து மலையேறி வர முப்பது ஆண்டும், அதனால் விளையும் பயனைத் தடையின்றி அனுபவிக்க மேலும் பல ஆண்டும் சென்றன.

இந்நிலையிலும் ஊக்கம் கொடுத்தோர் இல்லாமற் போகவில்லை. அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம் அவர்களை மலைநாட்டார் இன்றும் நன்றியுடன் நினைவுகூர்வர். அவர் தாமே தலவாக்கலைப் பகுதியினர். வகுப்பறையில் நின்று, நீயும் பட்டதாரியாகலாம் என்று மாணவனைப் பார்த்து அவர் சொன்னபோது அது வெறும் வாய்ச்சொல்லாகப் படவில்லை. சொன்னவரே சான்றாக நின்றார். இந்தச் சான்று என்னும் பொருளுக்குப் பின்னர் மீண்டும் வருவேன்.

இனிப் பதினாறாம் வயதுப் பிரிவுக்கு வருவோம். க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையில் நன்கு சித்தியெய்திய மாணவன் உயர்தரத்தில் கலை, வர்த்தகம், கணிதம், உயிரியல், தொழினுட்பம் முதலான துறைகளில் ஒன்றைத் தேர்கிறான். இத்தேர்வே அவன் வாழ்வின் பாதி. உயிரியற்றுறையில் அமராதவனுக்கு வைத்திய பீடம் இல்லை. கணிதத்துறையில் அமராதவனுக்குப் பொறியியல் இல்லை. மேனாடுகளில் ஒருவன் பதினெட்டாம் வயதில் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என முடிவு செய்கிறான். நம் நாட்டிலோ பதினாறிலேயே, அதுவும் தெரியாமலேயே, முடிவு செய்துவிடுகிறான். மலைநாட்டில் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சில. இருப்பவற்றிலும் பௌதிகத்துக்கு ஆசிரியர் இருந்தால் இரசாயனத்துக்கு இருப்பதில்லை. அப்பாடசாலை அமைந்த பட்டினம் தோட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல். காலைப் பேருந்து ஒன்று, மாலைப் பேருந்து ஒன்று. அருகிலுள்ள பாடசாலையிலோ கலைத்துறை உண்டு. தாய் விடியலில் பெரட்டுக்குப் புறப்பட வேண்டும். தம்பி தங்கையர் வீட்டில் உளர். பிள்ளை அருகிலுள்ள பாடசாலையில் கலைத்துறையில் அமர்கிறது. எவரும் அதனைத் தடுக்கவில்லை. எவரும் அதனைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. கலைத்துறையை யான் இழிவாகச் சொல்வதாக எவரும் கொள்ளற்க. விரும்பி அமர்வது வேறு, வேறிடம் இல்லாமல் அமர்வது வேறு.

இங்கே என் குற்றமொன்றையும் சொல்லியாக வேண்டும். 1990 களின் முற்பகுதியில் யான் கற்பித்த பாடசாலையில் ஒரு மாணவி கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் விசேட சித்தி பெற்றாள். தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தாயார் கொழுந்து பறிப்பவர். இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் விடுதிக்கு வந்து வாயிற்படியிலேயே நின்றனர். உள்ளே வருமாறு பலமுறை அழைத்தும் வரவில்லை. “நம்ம புள்ளைக்கு டாக்டர் படிப்பெல்லாம் கெடைக்குங்களா சார்?” என்று தந்தையார் கேட்டார். கேட்டவர் விடைக்குக் காத்திராமல் தாமே சிரித்துவிட்டார். எங்கள் பாடசாலையில் அவ்வாண்டு இரசாயன ஆசிரியர் இல்லை. வேறு பட்டினத்தில் விடுதிச் செலவை அவர்கள் தாங்கமாட்டார்கள் என யானே மனத்துள் கணக்கிட்டு, கலைத்துறையிற் சேர்த்துவிடுங்கள், ஆசிரியையாக வரலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் மகிழ்ச்சியுடனேயே சென்றனர். அன்று யான் அவர்களுக்கு நன்மை செய்ததாகவே எண்ணினேன். மாவட்ட ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு என்பதையோ, அதன்படி அப்பெண்ணுக்கு எவ்வளவு புள்ளி போதும் என்பதையோ யான் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு யானே அதனைச் சரிவரக் கற்றிருக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆசிரியனாகிய எனக்குத் தெரியாதது லயத்துத் தாய்க்கு எப்படித் தெரியும்?

அவ்விதியை இப்பொழுது விளக்குகிறேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முறைப்படி, வைத்தியம், பொறியியல் போன்ற துறைகளின் இடங்களில் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. நூற்றுக்கு 55 இடங்கள் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகை விகிதப்படி பங்கிடப்படுகின்றன. எஞ்சிய 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக உரியவை. நுவரெலியாவும் பதுளையும் அப்பட்டியலில் அடங்கும். நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறக்குறைய 7 இலட்சத்து 11 ஆயிரம். நாட்டின் சனத்தொகை 2 கோடியே 3 இலட்சத்துக்குச் சற்று மேல். எனவே மாவட்டத்தின் பங்கு நூற்றுக்கு மூன்றரை. ஒரு துறையில் 1000 இடங்கள் உள எனக் கொள்வோம். மாவட்ட ஒதுக்கீட்டுக்கு உரியவை 550. அதில் நூற்றுக்கு மூன்றரை என்றால் 19 இடங்கள். பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய 50 இடங்களில் ஒரு பங்கும் இதனுடன் சேரும். இவ்விடங்களுக்குப் போட்டி நாடு முழுதுடனும் அன்று. அம்மாவட்டத்து மாணவரிடையே மாத்திரமே.

மதிப்பெண் எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். 2001 முதல் இசற் புள்ளி என்னும் முறை நடைமுறையில் உள்ளது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரிப் புள்ளியைக் கழித்து, வருவதை அப்பாடத்தின் நியம விலகலால் வகுத்தல் வேண்டும். பௌதிகத்தில் ஒருவன் 60 புள்ளி பெற்றான், சராசரி 40, நியம விலகல் 15 எனின் அவன் இசற் புள்ளி 1.33. இரசாயனத்திலும் அவனுக்கு 60. ஆயின் அங்கே சராசரி 50, விலகல் 20 எனின் அவன் பெறுவது 0.5 மாத்திரமே. மூன்று பாடங்களின் இசற் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி கண்டால் வருவதே அவனுடைய இறுதி நிலை. கடினமான பாடத்தில் நடுத்தரப் புள்ளி பெற்றோமே என்று மனமுடைந்து இரண்டாம் முறை தோற்றாமல் நின்றுவிட்ட மாணவர் சிலரை யான் அறிவேன். அவர்களின் இசற் புள்ளியை உட்கார்ந்து கணக்கிட்டிருந்தால் அவ்வாறு நின்றிருக்கமாட்டார். மூன்று முறை தோற்ற விதி இடம் தருகிறது. பட்டினத்து மாணவர் இரண்டாம், மூன்றாம் முறைகளைத் தம் உரிமையாகவே கொள்கின்றனர். தோட்டத்துப் பிள்ளையோ முதன்முறை தவறியதும் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விடுகிறது. வீட்டில் ஓராண்டுச் சோற்றுக்குக் கணக்கு உண்டன்றோ?

மாவட்ட ஒதுக்கீடு என்றவுடன் இம்மலரைப் படிப்போர் பலரின் முகம் சுளிக்கும் என்பதை யான் அறியேன் அல்லேன். 1970 களில் தரப்படுத்தல் என்ற சொல் வடபுலத்து இல்லந்தோறும் என்ன துயரை விளைத்தது என்பதை யானும் பட்டறிந்தவன். கூடுதற் புள்ளி பெற்றும் இடமிழந்த தோழர்கள் எனக்கும் உளர். மொழிவாரியாகப் புள்ளியைத் தரப்படுத்தியது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மாவட்ட ஒதுக்கீட்டை மலைமீதிருந்து பார்க்கும்போது அது வேறுவிதமாகத் தோன்றுகிறது. விஞ்ஞானகூடமே காணாத பிள்ளைக்கும், ஐந்து தனியார் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைக்கும் ஒரே கோடு கிழிப்பது நியாயமாகுமா என்று என் மாணவர் கேட்டால் யான் என்ன விடை கூறுவேன்? இரண்டு எண்ணமும் என்னுள் இன்றும் உள்ளன. ஒன்றை மற்றொன்றால் அடித்து வீழ்த்த என்னால் இயலவில்லை.

அதனினும் கசப்பான செய்தி ஒன்று உண்டு. நுவரெலியா மாவட்டத்து வெட்டுப்புள்ளி தாழ்ந்தது என்பதைத் தோட்டத்துப் பெற்றோர் அறியாவிடினும் வெளி மாவட்டத்துப் பெற்றோர் நன்கறிவர். உயர்தரத்துக்கெனவே பிள்ளைகளைக் கொண்டுவந்து மலைநாட்டுப் பாடசாலைகளிற் பதிவுசெய்து, படிப்பதெல்லாம் பிறிதோரிடத்துத் தனியார் வகுப்பில் படிக்கச் செய்து, பரீட்சைக்கு மாத்திரம் மலையேறி வருவோர் உண்டு. இதனைத் தடுக்கக் குறித்த சில ஆண்டுகள் மாவட்டத்தில் வதிந்தோ படித்தோ இருத்தல் வேண்டுமென விதி செய்யப்பட்டது. விதிக்கு வழி கண்டோரும் உளர். வந்தோருள் நம்மவரும் இருந்தனர் என்பதை மறைத்துப் பயனில்லை. எண்ணிப் பாருங்கள்: அம்மாவட்டத்துக்கு இத்தனை இடம் என வருவது அதன் சனத்தொகையால். 2012 ஆம் ஆண்டுக் கணக்கில் அச்சனத்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் மலைநாட்டுத் தமிழர். லயத்து அறையிற் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் எண்ணப்பட்டதால் உண்டான ஆசனத்தில், எண்ணப்பட்ட பிள்ளை அமரவில்லை, வேறொருவன் அமர்கிறான். ஒரு பெற்றோர் தம் பிள்ளையின் நலத்தை நாடுவது இயல்பே. இயல்பான செயல்கள் பல சேர்ந்து பெரும் அநியாயமாவது உலக வழக்கு.

இனி, ஊக்கம் என்பது எவ்வகையில் ஊட்டப்படுவது என்ற வினாவுக்கு வருகிறேன். ஆண்டுக்கொரு முறை யாரோ ஒரு பெரியவரை அழைத்து, மாலையிட்டு, இலட்சியம் வேண்டும், முயற்சி திருவினையாக்கும் என்று பேசச் செய்வது நம் பாடசாலைகளின் வழக்கம். யானும் அப்பேச்சுகள் பலவற்றுக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன். பிள்ளைகள் கைதட்டுவர், மறுநாள் அனைத்தும் முன்போலவே இருக்கும். அமெரிக்க நாட்டில் இதனை ஆராய்ந்திருக்கின்றனர். அங்கும் ஏழைக் குடும்பத்துச் சிறந்த மாணவர் பெரும்பாலோர் பெயர்பெற்ற கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதே இல்லை என்று பொருளியலறிஞர் கரோலைன் ஹொக்ஸ்பி முதலானோர் எடுத்துக்காட்டினர். ஹொக்ஸ்பியும் சாரா டேர்னரும் தலைக்கு 6 டொலர் அளவான செலவில் செய்தித் தொகுதிகளை அஞ்சலில் அனுப்பிப் பார்த்தபோது நற்பயன் விளைந்ததாக 2013 இல் அறிவித்தனர். ஆனால் பின்னர் அதனைப் போன்ற முயற்சியொன்றை மிகப் பெரிய அளவில் செய்தபோது பயன் தெரியவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகம் செய்தது சற்று வேறு. 2015 இலும் 2016 இலும் அம்மாநிலத்து ஏழை மாணவருட் சிறந்தோரைத் தெரிந்தெடுத்து, நீ அனுமதி பெற்றால் நான்காண்டுக் கல்விக் கட்டணம் உனக்கு இல்லை, அதற்குத் தனிப் படிவம் எதுவும் நிரப்ப வேண்டியதில்லை என்று அவரவர் பெயருக்கே கடிதம் அனுப்பினர். பெற்றோருக்கும் அதிபருக்கும் கூட அறிவித்தனர். கடிதம் பெறாதோரில் ஏறக்குறைய காற்பங்கினரே விண்ணப்பித்திருக்க, பெற்றோரில் மூன்றில் இருபங்கினர் விண்ணப்பித்தனர். சேர்ந்தோர் தொகை இருமடங்குக்கு மேலாயிற்று. இதில் வியப்பு யாதெனின், அவர்களிற் பெரும்பாலோர்க்கு அக்கடிதம் இல்லாவிடினும் கட்டணச் சலுகை கிடைத்தேயிருக்கும். கொடுக்கப்பட்டது புதுப் பணமன்று. ஐயத்தை நீக்கிய உறுதி. அதுவும் ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொன்ன உறுதியன்று, இன்னார் மகன் இன்னார்க்கு என்று பெயர் சொல்லிக் கூறியது.

நம் நாட்டுக்கு இது மிகவும் பொருந்தும். இங்குப் பல்கலைக்கழகக் கல்விக்குக் கட்டணமே இல்லை. மகாபொலப் புலமைப்பரிசில் 1981 முதல் உள்ளது; மாதம் 5000 ரூபாவாக இருந்ததை 7500 ஆக உயர்த்த 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஏற்பாடு செய்யப்பட்டது. அது கிடையாதோர்க்குப் பல்கலைக்கழகத்தின் உதவிப்பணம் உண்டு. முதலாண்டில் விடுதியிலும் பெரும்பாலும் இடம் கிடைக்கும். ஆயினும் தோட்டத்துத் தந்தையரிடம் கேட்டால், டாக்டர் படிப்புக்கு இலட்சக்கணக்கில் வேண்டுமே என்பர். தனியார் வைத்தியக் கல்லூரிகள் பற்றியும் வெளிநாட்டுப் படிப்புப் பற்றியும் செய்தித்தாள் விளம்பரத்தில் கண்டதை அரசினர் பல்கலைக்கழகத்துக்கும் உரியதெனக் கொண்டுவிட்டனர். நாட்கூலி 1000 ரூபாவாக வேண்டுமென்று பல்லாண்டு போராடி அதனை 2021 இற்றான் வர்த்தமானியிற் கண்ட மக்கள், இலட்சம் என்ற சொல்லைக் கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொள்வதில் வியப்பில்லை. பணம் உண்மையில் தடையாவது பல்கலைக்கழகத்தில் அன்று. அதற்கு முந்திய இரண்டரை ஆண்டில். உயர்தர விஞ்ஞானத்துக்குப் பட்டினத்தில் தங்கும் அறை, உணவு, பேருந்துக் கட்டணம், இரசாயனத்துக்குத் தனியார் வகுப்பு என்பவையே குடும்பத்தை முறிப்பவை. உதவ நினைப்போர் பெரும்பாலும் பல்கலைக்கழகம் புகுந்த மாணவனுக்குப் பரிசில் அளிக்கின்றனர். படம் எடுக்கவும் அது வசதி. உதவி வேண்டியவன் அவனல்லன், வாயிலுக்கு வராமலே வழியில் நின்றுவிட்டவன்.

ஆங்கிலம் என்னும் அச்சமும் ஒன்றுண்டு. தமிழில் உயர்தரம் கற்ற பிள்ளை வைத்திய பீடத்திலும் பொறியியற் பீடத்திலும் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்திற் கேட்க வேண்டியதாகிறது. வடபுலத்து மாணவர்க்கும் இது பொதுவே. எனினும் அவர்க்கு அண்ணனோ மாமனோ அவ்வழி சென்று மீண்டவர் ஒருவர் இருப்பார். பயப்படாதே, மூன்று மாதத்தில் பழகிவிடும் என அவர் சொல்வார். மலைநாட்டுப் பிள்ளைக்கு அச்சொல்லைச் சொல்லக் குடும்பத்தில் எவருமில்லை. முன்னே சான்று எனக் குறித்தது இதனையே. தோட்டத்துப் பிள்ளை கண்ட கல்விமான்கள் ஆசிரியர், கிளாக்கர், தோட்டத்து மருந்தாளர் ஆகியோரே. ஆகவே வகுப்பில் என்னவாக வருவாய் எனக் கேட்டால் ஆசிரியர், கிளாக்கர் என்றே விடை வரும். அதனைச் சிறுமை என நகைப்பதற்கில்லை. கண்டதைத்தான் பிள்ளை கேட்கும். பேராதனையில் மூன்றாமாண்டு பயிலும் மஸ்கெலியா மாணவன் ஒருவன் விடுமுறையில் வந்து பத்தாம் வகுப்பில் ஒரு மணிநேரம் இருந்து, தன் பாடக்குறிப்புகளைக் காட்டி, அங்கே உணவு எப்படி, யார் துணி துவைப்பது என்று பேசிவிட்டுப் போன நாளில் யான் கண்ட வினாக்களின் தொகை, என் இருபதாண்டுப் பேச்சுகளிலும் காணாதது. ஒரு சிறுவன், அங்கே எவ்வளவு குளிர் சார் என்றும் கேட்டான். நுவரெலியாக் குளிரில் வளர்ந்தவன் பேராதனைக் குளிருக்கு அஞ்சியதை எண்ணி வகுப்பே சிரித்தது. அச்சிரிப்பின்பின் பேராதனை வெகு தொலைவிலுள்ள ஊராக அவர்களுக்குத் தோன்றவில்லை. உண்மையில் அட்டனிலிருந்து அது ஓர் அரைநாட் பயணமே. புகையிரதம் அதன் பக்கமாகத்தான் போகிறது.

நம் பழைய மாணவர் பலர் வைத்தியராயும் பொறியியலாளராயும் விரிவுரையாளராயும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உளர். அவர்களிடம் யான் வேண்டுவது சிறிது. ஆயின் குறித்த காலத்தில் வேண்டும். சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் மாதத்தில், கணித விஞ்ஞானப் பாடங்களிற் சிறந்த தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அப்பகுதி ஆசிரியர் தர ஆயத்தமாக உளர். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும் தமிழில், பெயர் குறித்து, ஒரு கடிதம் எழுதுவதே முதல் வேலை. எந்தப் பாடசாலையில் இரசாயன ஆசிரியர் இருக்கிறார், சென்ற ஆண்டு மாவட்ட வெட்டுப்புள்ளி எவ்வளவு, இரண்டாண்டு விடுதிச் செலவை யார் தாங்குவார் என மூன்று செய்திகள் அதில் இருந்தாற் போதும். மூன்றாவது செய்தியில், முயல்வோம், ஆவன செய்வோம் என்னும் சொற்களை எழுதற்க. தாங்குவதாயின் தாங்குவோம் என எழுதுக. இயலாதெனின் அக்கடிதத்தையே எழுதாமல் விடுக. பாதி உறுதியை நம்பி மகளைப் பட்டினத்துக்கு அனுப்பிவிட்டு ஆறாம் மாதத்தில் திரும்ப அழைத்துக்கொண்ட குடும்பமொன்றை அறிவேன். அப்பெண் அதன்பின் கலைத்துறைக்கும் போகவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். தங்குமிடம் என்றால் ஆண் பிள்ளைக்கு ஓர் அறை போதும். பெண் பிள்ளைக்கு நம்பத்தகுந்த இல்லம் வேண்டும். அட்டனிலும் நுவரெலியாவிலும் வாழும் நம்மவர் வீடுகளில் ஓர் அறை இரண்டாண்டுக்குக் கிடைக்குமெனில் அது பணத்தினும் பெரிது. அவ்வறையைத் தருவோர் அப்பிள்ளையை வீட்டு வேலைக்குரியவளாகக் கருதாதிருத்தலும் வேண்டும். வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தமைக்கு வருந்துகிறேன், சொல்லாமல் விடுவதற்கில்லை.

யான் கலைத்துறைக்கு அனுப்பிய மாணவி பின்னர் கல்வியியற் கல்லூரியிற் பயின்று ஆசிரியையானாள். சென்ற ஆண்டு டிசம்பரில் தன் மகளுடன் என்னைக் காண வந்தாள். இம்முறை வாயிற்படியில் நிற்காமல் உள்ளே வந்து அமர்ந்தாள். மகள் சாதாரண தரம் எழுதவிருக்கிறாள். யான் பழைய செய்தியை எடுத்து என் பிழையைச் சொல்ல முற்பட்டேன். “அத விடுங்க சார், இவளுக்கு எந்த ஸ்கூல்ல கெமிஸ்ரி டீச்சர் இருக்காங்கன்னு சொல்லுங்க” என்றாள். என்னிடமிருந்த பட்டியலை எடுத்து மூவரும் பார்க்கத் தொடங்கினோம்.